வேரைத் தொடாதே

ஹொக்கி ஒன்றுமில்லை.
பிக்கரிங்கில், சனிக்கிழமை பின்னேரம்,
ஆளுக்கு நாலு டொலர் கட்டி
வட்டம் சுற்றும் குடும்பச் சறுக்கல்.
யாரோ ஒரு பையனின் தலைக்கவசம்
நிதுஷாவின் வாயில் வந்து மோதியது.

எழும்பியபோது அவள் அழவில்லை.
நாக்கால் தேடிக்கொண்டிருந்தாள்
வந்து இரண்டு வருடம்கூட ஆகாத பல்லை.
கையுறையில் சிவப்பைக் கண்ட பிறகுதான்
வாய் திறந்து அலறினாள்.

வெள்ளைத் தரையில் வெள்ளைப் பல்.
நான் முழங்காலில்.
கத்திச் சப்பாத்துகள் கீறிவைத்த கோடுகளில்
எந்தத் துணுக்கும் பல்லாகவே தெரிந்தது.
பனித்தூள், பனித்தூள், யாரோ துப்பிய சூயிங்கம்,
மறுபடி பனித்தூள்.
மூலைக் கதவு திறந்து
தரை வழிக்கும் அந்தப் பெரிய வண்டி
விளக்கைப் போட்டுக்கொண்டு உறுமியது.
அதன் முன்னால் போய் நின்றேன்,
இரண்டு கையையும் விரித்தபடி.
சாரதி என்ன நினைத்தானோ,
இறங்கிவந்து அவனும் குனிந்தான்.
அவன்தான் கண்டெடுக்கக் காட்டினான்.

"வேரைத் தொடாதே!"
சிவப்பு ஜாக்கெட் போட்ட காவல் பெண், கியாரா.
பதினேழு வயதிருக்கும்.
போன மாதம்தான் முதலுதவி வகுப்பு முடித்தாளாம்.

இவ்வளவு நீளமா ஒரு பல்?
வாயில் நாம் காண்பது பாதிகூட இல்லை.
மிச்சம் மஞ்சளாய், ஈரமாய்,
முட்டையோட்டின் உள்ளே இருக்குமே,
அப்படியொரு தோல் போர்த்து.
என் கை தானாகக் குழாயைத் தேடியது.
தேய்த்துக் கழுவி, துடைத்து, டிஷ்யூவில் சுற்றி...
பிள்ளை வளர்த்த கை
வேறு என்னதான் செய்யும்?
"தேய்க்காதே. அந்தத் தோலுக்கு உயிர் இருக்கிறது."

கன்டீனில் கோப்பிக்கு வைத்திருந்த பாலில்
ஒரு முக்கு, ஒரே முக்கு.
பால்பல் விழுந்த அன்று
எறியக் கூரையில்லாத பதினாறாம் மாடியில்
நின்று சிரித்தவர்கள் நாங்கள்.
இதற்குப் பெயர் நிலைப்பல்.
நிலைக்காமல்
பாலில் கிடந்தது.

"இப்பவே உள்ளே வை."
யார், நானா?
"நீதானே அம்மா."
எது முன்பக்கம்?
பக்கத்துப் பல்லைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன்.
புடைப்பு வெளியே. பள்ளம் உள்ளே.
"அம்மா, நோகுமா?"
பொய் தேட நேரமில்லை.
"நோகும்."
பாதி வழியில் நின்றது.
இரத்தம் குமிழியிட்டது.
இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்,
இறங்கிவிட்டது, சத்தமேயில்லாமல்.
என் சால்வை நுனியைக் கடித்துக்கொண்டாள்.
எல்லாம் ஐந்து நிமிடம் என்றாள் கியாரா
கைக்கடிகாரத்தைப் பார்த்து.
நான் நம்பவில்லை.

கிங்ஸ்டன் வீதியில் ஒரு வைத்தியர்
மூடிய கடையைத் திறந்தார்.
மீன்பிடி நூல் போன்ற நைலோனால்
அயல்பற்களோடு அதைக் கட்டினார். இரண்டு வாரத்துக்கு.
"சரியாகச் செய்தீர்கள்" என்றார்,
அதே மூச்சில் "ஆனால்" என்றார்.
வேர்நுனி இன்னும் மூடவில்லை,
இரத்தம் திரும்ப ஓடலாம், ஓடாமலும் விடலாம்.
எலும்பு அதைத் தன் எலும்பென்று எண்ணி
வருடக்கணக்கில் தின்றுவிடலாம்.
பிள்ளை வளர, அது மட்டும் வளராமல் நிற்கலாம்.
எத்தனை லாம்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
பல் திரும்பி வந்தும்
சொல் இரண்டு நாள் வீங்கியிருந்தது.
"தூப் வேண்டாம்" என்றாள் சூப்பைப் பார்த்து,
தானே சிரித்து
உதட்டைப் பிடித்துக்கொண்டாள்.

குளிர்பெட்டிக் கதவில் திகதிகள்.
இன்றைக்கு மூன்றாம் மாதம்.
வைத்தியர் சின்னக் கண்ணாடியின் கைப்பிடியால்
முதலில் அயல்பல்லைத் தட்டுகிறார்.
மரத்தில் தட்டியது போல் மந்தமாக.
அதுதான் நல்ல ஒலியாம்.
கிண்ணென்று கேட்டால்
எலும்போடு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

உறிஞ்சு குழாயை நிறுத்துகிறாள் உதவிப் பெண்.
வெளியே லொறி ஒன்று போய் முடிகிறது.
நிதுஷாவின் கண் கூரையில் இல்லை, என்மீது.
கைப்பிடி நகர்கிறது
அடுத்த பல்லுக்கு.